ஊர்க் காகிதங்களை இணையத்தில் ஏற்றும் முன்: எதை வைப்பது, எதை மறைப்பது, கேட்டால் எதை எடுப்பது

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். “நம்ம ஊர் கூட்டுறவுச் சங்க அறிக்கையை நெட்ல போட்டது நீங்கதானே?” என்று ஆரம்பித்தார். ஆமாம், நாங்கள்தான். நான்கைந்து பேர் சேர்ந்து ஊரில் கிடைக்கிற பழைய காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருந்தோம். 1980களில் அச்சான அந்த ஆண்டறிக்கையின் கடைசி நான்கு பக்கம் தவணை தவறிய கடன்தாரர்கள் பட்டியல்: பெயர், தகப்பனார் பெயர், தெரு, பாக்கித் தொகை. அவருடைய அப்பா பெயருக்கு நேரே ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். “அதை மறு வருஷமே கட்டிட்டாரு சார். இப்ப என் பொண்ணுக்கு வரன் பாக்குறோம். மாப்பிள்ளை வீட்டுல தாத்தா பேரைப் போட்டுத் தேடுறாங்க, மொதல்ல இதுதான் வந்து நிக்குது.”

அந்த அறிக்கை ஊர் நூலகத்தின் இரும்பு அலமாரியில் நாற்பது வருடமாகக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. நாங்கள் அதை பிடிஎஃப் ஆக்கி, எழுத்துணரியில் (படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடக்கூடிய உரையாக்கும் மென்பொருள்) ஓட்டி, பெயரைத் தட்டினால் கிடைக்கும்படி செய்தோம். தப்பு எங்களுடையது. அன்றைக்குத்தான் இந்த வேலைக்கு ஒரு முறை வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தோம். கீழே எழுதுவது எல்லாம் அப்புறம் பட்டுத் தெரிந்துகொண்டது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியோ, ஊர்ப் பள்ளியின் பழைய மலரோ, சங்கத்தின் கணக்கு நோட்டோ எதுவானாலும் இதே முறை பயன்படும்.

மூன்று முடிவுகளை ஒன்றாகக் கட்டாதீர்கள்

சேமிப்பது ஒன்று. வெளியிடுவது இன்னொன்று. பெயரைத் தட்டினால் தேடலில் வரவைப்பது மூன்றாவது. பெரும்பாலான சண்டை இந்த மூன்றையும் ஒரே முடிவாக எடுப்பதால் வருகிறது. “எல்லாத்தையும் ஏத்து, வரலாறு அழியக் கூடாது” என்பார் ஒருவர். “ஐயோ, வீட்டு விஷயம், கொளுத்திப் போடு” என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு பேருக்கும் இடையில் ஏகப்பட்ட வழியும் இருக்கிறது. ஒரு காகிதத்தை முழுதாக ஸ்கேன் செய்து வன்தட்டில் வைத்துவிட்டு முப்பது வருடம் யாருக்கும் காட்டாமல் இருக்கலாம். படமாக மட்டும் வெளியிட்டு, பெயரை வைத்துத் தேட முடியாதபடி வைக்கலாம். நான்கு வரியை மறைத்து மீதியைக் கொடுக்கலாம். இந்த இடைவழிகளைக் கையாளக் கற்றுக்கொள்வதுதான் மொத்த வேலையும்.

முதல் முடிவில் தயங்கவே வேண்டாம்

சேமித்துவிடுங்கள். தனியுரிமை பற்றிய பயம் ஸ்கேன் செய்வதைத் தடுக்கக் கூடாது, ஏனென்றால் காகிதத்துக்கு நம் ஊரில் எதிரி நிறைய. கரையான், மழை ஒழுக்கு, பழைய பேப்பர் கடைத் தராசு, அப்புறம் போகி. வீட்டைச் சுத்தம் செய்கிற அந்த ஒரு வாரத்தில் போகிற கடிதங்களும் நோட்டுகளும் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் மாதிரியான துண்டுத் தாள்களையும் விடாமல் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஒரு ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. சேர்க்கும் நாளில் எது முக்கியம் என்று யாருக்கும் தெரியாது.

டிஜிட்டலில் இருப்பதும் பத்திரம் இல்லை. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. நம் ஆட்கள் அங்கே எழுதிக் குவித்தது கொஞ்சமா? மூடும்போது பொதுக் குழுக்களின் உரையாடல்களை மட்டும் கொஞ்ச காலம் காப்பகமாக வைத்திருந்தார்கள். தன் பதிவுகள் அதில் இருக்க வேண்டாம் என்று நினைத்தவர் கணக்கை நீக்கி விலகிக்கொள்ளலாம் என்றும் வழி விட்டார்கள். காப்பகமும் வேண்டும், விலகும் வழியும் வேண்டும் என்பதை ஒரு வணிக நிறுவனம் மூடுவிழாவில் செய்தது என்றால், நாம் திறக்கும்போதே செய்யலாம்.

ஸ்கேன் விவரம் சுருக்கமாக: எழுத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), புகைப்படத்துக்கு 600. மூலப் பிரதியை டிஃப் வடிவில் வையுங்கள், பார்வைப் பிரதியை ஜேபெக் அல்லது பிடிஎஃப் ஆக்குங்கள். மூலப் பிரதியில் எதையும் மறைக்காதீர்கள், வெட்டாதீர்கள். அது இரண்டு வன்தட்டில், இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். மறைப்பது எல்லாம் பார்வைப் பிரதியில்தான்.

பெட்டியைக் கொட்டிப் பிரிப்பது

இங்கேதான் நேரம் எடுக்கும், எடுக்க வேண்டும். ஒரே வகைக் காகிதம் என்று நினைத்து மொத்தமாக ஒரு முடிவு எடுக்க முடியாது. எங்கள் கையில் வந்த ஒரு மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பேறிய நீள நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘லாபம்’. வரிசை எண், ஊர், பெயர், தொகை என்று நாலு பத்தி. ஐந்து ரூபாய், பதினொரு ரூபாய், நடுவில் ‘எவர்சில்வர் குடம் 1’, இரண்டு படி அரிசி. திருப்பிச் செய்த மொய்க்கு நேரே ஒரு கோடு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் என்பது எவ்வளவு பெரிய கொடுக்கல் வாங்கல் என்று தெரிந்தவர்களுக்கு இந்த நோட்டு என்ன சொல்லும் என்றும் தெரியும். எந்த வருடம் எந்த ஊரோடு உறவு இருந்தது, எப்போது பாத்திரம் போய்ப் பணம் வந்தது, எல்லாம் இதில் இருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தங்கம்.

ஆனால் அதே பக்கத்தில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதும், யாருடைய மொய்க்கு நேரே இன்னும் கோடு விழவில்லை என்பதும் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். சரி, பட்டத்தை மட்டும் மறைக்கலாம் என்று ஆரம்பித்தோம். பத்துப் பக்கம் போன பிறகுதான் உறைத்தது: தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடுகிறது. நம் ஊர்களில் பெயரை மறைத்துத் தெருவை விட்டுவைத்தால் பாதி ஆளை விட்டுவைத்த மாதிரி. கடைசியில் என்ன செய்தோம் என்றால், முதல் பக்கத்தையும் இரண்டு மாதிரிப் பக்கங்களையும் பெயர், தெருப் பத்திகளை மூடி வெளியிட்டோம். மீதியைத் தொகையும் ஊரும் மட்டும் கொண்ட அட்டவணையாக்கிக் கொடுத்தோம். முழு நோட்டு வன்தட்டில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று நேரில் வருகிறவருக்குக் காட்டுகிறோம், நகல் தருவதில்லை.

மற்றவற்றையும் இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோயில் திருவிழா நோட்டீஸ், நாடக நோட்டீஸ், கடைத் திறப்பு விழா அழைப்பு, இவை ஊருக்காகவே அச்சடித்தவை, தாராளமாக ஏற்றலாம். பள்ளிப் பொன்விழா மலரை ஏற்றலாம், ஆனால் முன்னாள் மாணவர் முகவரிப் பட்டியலை மூடுங்கள். அந்த வீட்டில் இன்றும் யாரோ இருக்கிறார்கள். பழைய எஸ்எஸ்எல்சி புத்தகம், சேர்க்கைப் பதிவேடு இரண்டிலும் சாதி, அங்க அடையாளம், மதிப்பெண் எல்லாம் சேர்ந்து இருக்கும், அவரவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். பத்திரக் கட்டுகளுக்கு நடுவே ஆதார் ஜெராக்ஸ் சொருகி வைத்திருப்பார்கள். கட்டைப் பிரிக்கும்போதே எடுத்து உரியவரிடம் கொடுத்துவிடுங்கள், அதை ஸ்கேன் செய்யவே வேண்டாம். ஜாதகமும் அப்படித்தான், பிறந்த நாளும் நேரமும் ஊரும் ஒரே தாளில்.

மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழும் ஆல்பமும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ஸ்டுடியோ ஆல்பங்களில் இவை நிறைய இருக்கும். பந்தல், சீர்வரிசைத் தட்டு, அலங்காரம் என்று பண்பாட்டு ஆவணமாக அவற்றுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்று அவருக்கு நாற்பத்தைந்து வயது, ஏதோ ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஆல்பத்தைக் கொடுத்தது அண்ணன் என்றால் அண்ணனின் சம்மதம் போதாது. அந்தப் பெண்ணைக் கேளுங்கள். கேட்க வழியில்லை என்றால் ஏற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கடிதங்கள் இன்னும் சிக்கல். ஒரு குடும்பம் கொடுத்த கட்டில் பினாங்கிலிருந்து 1970களில் வந்த ஏர்மெயில் கடிதங்கள் இருந்தன. ரப்பர் தோட்டம், கப்பல் டிக்கெட், அனுப்பிய பணம், மழை, எல்லாம் அழகான கையெழுத்தில். ஆறாவது கடிதத்தில், “தங்கச்சிக்கு வலிப்பு வருவதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவதே நல்லது” என்று ஒரு வரி. கடிதம் எழுதியவர் இல்லை, பெற்றவரும் இல்லை. அந்தத் தங்கை இருக்கிறார். கடிதத்தில் எழுதியவர், பெற்றவர் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார், அவரைப் பற்றித்தான் நாம் முதலில் யோசிக்க வேண்டும். இன்னொன்று, கடிதக் காகிதம் பெற்றவருக்குச் சொந்தம் என்றாலும் அதில் இருக்கும் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான்; அவர்களையும் கேட்காமல் வெளியிட முடியாது.

செய்தித்தாள் நறுக்குகளில் ஒரு எச்சரிக்கை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது 1983-ல்தான் குற்றமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய பத்திரிகைகளில் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் இருக்கும். இன்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு அதைத் தடுக்கிறது. பழைய தாள் என்றாலும் இன்று நீங்கள் ஏற்றினால் அது இன்றைய வெளியீடு. வழக்கில் சிக்கிய சிறுவர்களின் அடையாளத்துக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு இதே காவலைத் தருகிறது. இவற்றில் சமாளிப்புக்கே இடமில்லை, மறைத்துவிட வேண்டியதுதான்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தொராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிப்பார்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனம் இப்படிப்பட்ட மலர்களை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறது. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. அதே சமயம் இறந்தவரைப் பற்றிய அந்தச் சின்னப் புத்தகத்தின் பின்பக்கங்களில் உயிரோடு இருப்பவர்களின் வம்சாவளியே இருக்கும், எந்தப் பேரப்பிள்ளை எந்த நாட்டில், யாரைக் கட்டியிருக்கிறார் என்று. உங்கள் வீட்டு மலரை எங்காவது கொடுப்பதாக இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் ஒருமுறை குடும்பக் குழுவில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பூட்டுக்கு ஒரு வருடம் குறியுங்கள்

‘இப்போது வேண்டாம்’ என்று ஒதுக்கி வைத்தால் அது ‘எப்போதும் வேண்டாம்’ ஆகிவிடும். அதனால் திறக்கும் வருடத்தைக் கோப்பின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். இது பெரிய நாடுகள் செய்கிற வழக்கம்தான். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை 72 வருடம் பூட்டி வைக்கிறார்கள். 1950-ம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1-ல் திறந்தது. இங்கிலாந்துக் கணக்கு 100 வருடம். 1921-க்கானது 2022 ஜனவரியில் வந்தது. நாங்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. உடல்நலம், திருமணம், கடன் சம்பந்தப்பட்டது என்றால் காகிதத்தின் தேதியிலிருந்து 75 வருடம். குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து 100. சம்பந்தப்பட்டவரே சரி என்றால் உடனே. உங்கள் ஊருக்கு வேறு கணக்கு பொருந்தலாம், ஆனால் ஏதாவது ஒரு எண் இருக்கட்டும்.

கேட்பதை ஒரு சடங்காகச் செய்யாதீர்கள்

கையெழுத்து வாங்க ஒரு தாள் வேண்டும், அது ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, தமிழில் இருக்க வேண்டும். “இது இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும், உங்கள் பெயரைத் தட்டினால் வரலாம், பின்னால் வேண்டாம் என்றால் எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவோம், ஆனால் அதற்குள் யாராவது நகல் எடுத்திருந்தால் அது எங்கள் கையில் இல்லை” என்று உள்ளதை அப்படியே சொல்லுங்கள். பாட்டியிடம் பேட்டி எடுத்தால் பேசி முடித்த கையோடு கையெழுத்து கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டுக் கேளுங்கள். பேச்சு வேகத்தில் சொன்ன ஒரு விஷயத்தை எடுத்துவிடச் சொல்ல அவருக்கு அந்த ஒரு வாரம் தேவைப்படும்.

கேட்காமல் நாமாக மறைப்பதும் தப்பாகலாம். 1978-ம் ஆண்டுப் பள்ளி மலரில் ஒரு பெண்ணின் படம், கீழே பெயரோடு அவர் தெருவின் பெயரும் இருந்தது. காலனித் தெரு. சாதி தெரிந்துவிடுமே என்று நாங்கள் மூடி வைத்திருந்தோம். அவரைத் தேடிப்போய்க் காட்டியபோது, “அந்தத் தெருவுல இருந்து பத்தாவது முடிச்ச மொதப் பொண்ணு நான். அதை ஏம்ப்பா மறைக்கிறீங்க?” என்றார். அன்றைக்கே பட்டையை எடுத்தோம். யாருக்காக மறைக்கிறோமோ அவர் அதைப் பெருமையாக நினைக்கக்கூடும்.

கறுப்புப் பட்டை போடும் முறை

தெரிந்தவர்களே இதில் தவறுகிறார்கள். பிடிஎஃப் மேலே ஒரு கறுப்புக் கட்டம் வரைந்தால் கண்ணுக்கு மறையும், அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினால் பெயர் வந்து விழும். போனில் ஹைலைட்டர் பேனாவால் நாலு தடவை தீட்டுவதும் அப்படித்தான், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். சரியான வரிசை இது: முதலில் பக்கங்களைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள், படத்தில் முழுக் கறுப்பால் மூடுங்கள், புதுக் கோப்பாகச் சேமியுங்கள், அந்தப் படங்களிலிருந்து புதிதாக பிடிஎஃப் செய்யுங்கள், அதற்கு அப்புறம்தான் எழுத்துணரியை ஓட்ட வேண்டும். எழுத்துணரியை முதலில் ஓட்டிவிட்டுப் பட்டை போட்டால் எல்லாம் வீண்.

மையால் எழுதிய நோட்டில் மறுபக்கத்தையும் பாருங்கள். ஊற்றுப் பேனா மை காகிதத்தில் ஊறிப் பின்பக்கம் தெரியும். முன்பக்கத்தில் நாம் மூடிய பெயர் பின்பக்கத்தில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பித் தெரியும், படத்தை இடவலமாகப் புரட்டினால் படித்துவிடலாம். எங்கள் குழுவில் இதைக் கண்டுபிடித்தது ஒரு கல்லூரி மாணவி. அன்றிலிருந்து ஸ்கேன் செய்யும்போது தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை வைக்கிறோம், மறுபக்க எழுத்து நிழலாகத் தெரிவது குறைகிறது, மை ஊறியே வந்துவிட்ட இடத்தில் அது உதவாது.

போனில் எடுத்த படம் என்றால் அதற்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் இருக்கும். சில நேரம் மூடுவதற்கு முந்தைய படத்தின் சிறு உருவம்கூட உள்ளே தங்கியிருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இவை எல்லாவற்றையும் துடைத்துவிடும். கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயரை வைக்காதீர்கள். பட்டை போட்ட கோப்புக்கு அந்த ஆளின் பெயரையே வைத்து ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேடலில் வராமல் வைப்பது

தமிழ் எழுத்துணரி இப்போது நன்றாக வேலை செய்கிறது. டெஸராக்ட் இலவசம், கூகுள் டிரைவிலும் ஓட்டலாம். அது வரமும் சிக்கலும் சேர்ந்தது. கதை, கட்டுரை, கோயில் வரலாறு எல்லாவற்றுக்கும் ஓட்டுங்கள். ஆட்களின் பட்டியல் இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் ஓட்டாதீர்கள், படமாகவே விடுங்கள். வந்து புரட்டுகிறவருக்குத் தெரியும், பெயரைத் தட்டுகிறவர் கண்ணில் எளிதில் படாது. பத்து நிமிடம் கூடுதல் வேலை, பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் பிடிஎஃப் ஏற்றினால் அவர்கள் தாங்களாகவே எழுத்துணரி ஓட்டி முழு உரையையும் வெளியிடுவார்கள் என்பதை மனதில் வையுங்கள். அந்தக் கடன் பட்டியல் மாதிரி எதுவும் இருந்தால் அங்கே ஏற்றும் முன் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். பின்னால் மொத்தமாக எடுக்க வேண்டும் என்றால் அவர்களுக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கும். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் இன்னும் கவனம்: யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்தால் அதைத் திரும்பப் பெற முடியாது.

சொந்தத் தளம் என்றால் பலரும் செய்கிற ஒரு தவறைச் சொல்கிறேன். எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை போட்டுவிட்டால் கூகுளில் வராது என்று நினைக்கிறார்கள். அது பக்கத்தைப் படிப்பதைத்தான் தடுக்கும். வேறு எங்காவது இணைப்பு இருந்தால் முகவரி தேடலில் வந்துவிடும். வராமல் இருக்க அந்தப் பக்கத்திலேயே ‘நோஇண்டெக்ஸ்’ குறி போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் தப்பு, ஏனென்றால் பக்கத்தைப் படிக்கத் தடை இருந்தால் அந்தக் குறியை கூகுள் பார்க்கவே பார்க்காது. குறியை மட்டும் போடுங்கள்.

எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் வந்தால்

தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மின்னஞ்சலும் முடிந்தால் போன் எண்ணும் இருக்கட்டும். ஆள் வந்ததும் முதலில் மறையுங்கள், அப்புறம் யோசியுங்கள். நாங்கள் அன்றைக்கே மறைத்துவிட்டு ஏழு நாளில் பதில் சொல்கிறோம். ஆதார் நகல் அனுப்புங்கள் என்று கேட்காதீர்கள், தனியுரிமை கேட்டு வந்தவரிடம் அதையே பறிப்பது நியாயம் இல்லை. ஊர்க்காரர் என்றால் ஒரு போன் பேச்சிலேயே யார் என்று தெரிந்துவிடும்.

என்ன செய்வது என்பதற்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே 13-ல் கொடுத்த தீர்ப்பு நல்ல வழிகாட்டி. ஸ்பெயினில் ஒருவருடைய வீடு சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக ஏலத்துக்கு வந்தது என்று 1998-ல் ஒரு பத்திரிகையில் அறிவிப்பு. கடன் தீர்ந்து பல வருடம் ஆகியும் பெயரைத் தட்டினால் கூகுளில் அதுதான் வந்தது. நீதிமன்றம் பத்திரிகைப் பக்கத்தை இருக்க விட்டது, அவர் பெயரைத் தேடும்போது அந்த இணைப்பு வரக் கூடாது என்று மட்டும் சொன்னது. ஆவணம் இருக்கிறது, அதற்குப் போகும் குறுக்கு வழிதான் அடைக்கப்பட்டது. (அவர் பெயர் உலகத்துக்கே தெரியும், ஆனாலும் அவர் கேட்டதை மதித்து நான் எழுதவில்லை.) திருப்பூர்க்காரரின் போன் வந்த வாரம் இதைப் படித்தபோது எங்கள் அறிக்கைக்கும் இதையே செய்யலாம் என்று தோன்றியது.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவை அழிக்கக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதை அது தொடுவதில்லை, ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் நிபந்தனையோடு விலக்கும் உண்டு. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவும் அப்படியே, அழிக்கும் உரிமையோடு பொதுநலக் காப்பகத்துக்கு விலக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பு ஆவணங்களில் பெயரை நீக்குவது இங்கே இன்னும் முடியாத வழக்கு: விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போனார், 2021-ல் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டது, அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆக, சட்டம் முழுதாகச் சொல்லும்வரை காத்திருக்காமல் நாமே ஒரு நேர்மையான முறையை வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாக் கோரிக்கையும் ஒன்று அல்ல. சாதாரண ஆளின் கடன், நோய், தேர்வில் தவறியது, முறிந்த கல்யாணம் என்றால் காரணம்கூடக் கேட்காமல் மறைத்துவிடுங்கள். ஒரு முறை வேறு மாதிரி வந்தது. பொதுப்பணத்தைக் கையாளும் பொறுப்பில் இருந்த ஒருவரின் வீட்டிலிருந்து, தணிக்கையில் அவர்மேல் ஆட்சேபம் எழுதிய பக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். மரியாதையாகப் பேசினோம், அவர்களுடைய விளக்கத்தையும் அதே பக்கத்தில் சேர்க்கிறோம் என்றோம், பக்கத்தை எடுக்கவில்லை. பொறுப்பில் இருந்தபோது செய்தது ஊருக்குச் சொந்தமான விஷயம். அதே பக்கத்தில் இருந்த அவருடைய வீட்டு முகவரியை மறைத்தோம், அது அவருடைய விஷயம்.

எடுத்ததற்கு ஒரு பதிவேடு வையுங்கள்: எந்தக் கோப்பு, எந்தப் பக்கம், எந்தத் தேதி, என்ன வகைக் காரணம். கேட்டவரின் பெயர் அதில் வேண்டாம். தளத்திலும் ‘இந்தப் பக்கத்தின் ஒரு பகுதி கோரிக்கையின் பேரில் மறைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி போடுங்கள், படிக்கிறவருக்கு ஏதோ இருந்தது என்றாவது தெரிய வேண்டும். எடுத்த பிறகும் கூகுளில் பழைய துணுக்கு கொஞ்ச நாள் வரும். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கேட்க கூகுளிலேயே ஒரு படிவம் இருக்கிறது, அதை நீங்களே நிரப்பிக் கொடுங்கள், வந்தவரை அலைய விடாதீர்கள்.

சாவி யாரிடம்

75 வருடப் பூட்டு போடுகிறவர் 75 வருடம் இருக்க மாட்டார். அதனால் ஒரு தாளில், ஆம், காகிதத்தில்தான், வன்தட்டுகள் எங்கே இருக்கின்றன, கடவுச்சொல் யாரிடம், எந்தக் கோப்பு எந்த வருடம் திறக்கலாம் என்று எழுதி இரண்டு பேரிடம் கொடுத்துவையுங்கள். ஒருவர் உங்களைவிட இருபது வயதாவது சின்னவராக இருக்கட்டும். எங்கள் குழுவின் தாள் ஒன்று, மறுபக்கத்தைப் படித்துக் காட்டிய அந்த மாணவியிடம் இருக்கிறது, இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை.

கூட்டுறவுச் சங்க அறிக்கை இன்றும் தளத்தில் இருக்கிறது. கடைசி நான்கு பக்கங்களில் பெயர், தெருப் பத்திகள் கறுப்பாக இருக்கும், தொகைப் பத்தி தெரியும். அந்த வருட மழை பொய்த்த பிறகு எத்தனை வீடு தவணை தவறியது என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம். திருப்பூர்க்காரர் பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார். அதைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். திறக்கும் வருடம் 2098.